அம்மா வந்துக்குது

நம் வயதுக்காரர்கள் எங்கே கூடினாலும் இப்போது இதே பேச்சுதான். யார் பிள்ளை எந்த நாட்டுக்கு டூர் போனான், ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் ஏறும்போது எத்தனை போட்டோ அனுப்பினான், இறங்கியபிறகு எத்தனை அனுப்பினான். நாம் முட்டிவலியோடு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் கைகூப்புகிற பொம்மையை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனால் என் மகள் போனவாரம், சின்ன வயதில் லீவுக்கு நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கும் போனதில்லை என்றால் பாவமாகப் பார்ப்பாள். ஒரு கோடை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தோம், அதுதான் எங்கள் நல்ல லீவு என்றால் இன்னும் பாவமாகப் பார்ப்பாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் புத்தூர்ப் பக்கம் தமிழ் பேசுகிற வீட்டிலும் பள்ளிக்கூடம், ஆபீஸ் சமாசாரமெல்லாம் தெலுங்கு வார்த்தையில்தான் நடக்கும். விடுமுறைக்கு எங்களுக்குச் செலவு என்று பேர். காசு செலவு இல்லை, இது தெலுங்குச் செலவு. கோடை விடுமுறை என்றால் வேசவி செலவு. வேலைக்குப் போகிறவர் லீவு போட்டாலும் செலவு போட்டார் என்போம். அந்த வருஷம் எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஒரு வாரம் செலவு போட்டிருந்தார். அது எங்கள் தெருவே பேசிய விஷயம்.

நைனா ரேணிகுண்டாவில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். விடியற்காலை முதல் பாசஞ்சரில் போனால் கடைசி வண்டிக்குத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை, மீதிப் பாதி தூக்கம். நைனா தூங்குகிறார், சத்தம் போடாதே என்பதைத்தான் நாங்கள் அதிகம் கேட்டு வளர்ந்தோம். அவர் முகத்தைவிட முதுகுதான் எங்களுக்கு நல்ல பழக்கம். போன வருஷம் அவருடைய அம்மா செத்தபோதுகூட மூன்றாம் நாளே பட்டறைக்குப் போனவர். முதலாளி மாலையோடு வந்து சாவுக்கு நின்றார், பாவம், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வாரம் எதற்கென்றால் திருமலைக்குப் போக. தம்பிக்கு முதல் மொட்டை மலையில்தான் போடுவதாக வேண்டுதல். நைனாவுக்குச் செலவு கிடைக்காமல் தள்ளித் தள்ளி அவனுக்கு நான்கு வயதாகிவிட்டது. தலைமுடி தோளுக்குக் கீழே தொங்கியது. அம்மா அதை இரண்டு சடையாகப் போட்டு ரிப்பன் கட்டிவிடுவாள். தெருப்பையன்கள் அவனைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள், அவன் மண்ணை வாரி அடிப்பான். வடநாட்டிலிருந்தெல்லாம் ரயிலேறி ஜனங்கள் அந்த மலைக்கு வருகிறார்கள். பக்கத்தில் இருந்த நாங்கள் மூன்று பிள்ளைகளும் பார்த்ததில்லை. இப்படி ஒரு அக்கிரமம் உண்டா சொல்லுங்கள்.

கிளம்பும் நாள் விடியுமுன்னே அம்மா புளியோதரை கிளறி வாழையிலையில் கட்டிவிட்டாள். வீடு முழுக்க நல்லெண்ணெய், வெந்தய வாசனை. டிரங்குப் பெட்டியில் துணி ஏறிவிட்டது. அக்கா மட்டும் அந்தக் கொதிக்கிற மே மாசத்தில் தாவணியை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அம்மா சடை பின்னுவதற்காக அவளைத் திருப்பி உட்காரவைத்து, பின்கழுத்துத் துணியை விலக்கினாள். அப்படியே சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். கழுத்தில் இரண்டு மூன்று முத்து. முதுகில் இன்னும் நிறைய. அக்காவுக்கு முந்தின நாளே தெரியும். மலைக்குப் போவது நின்றுவிடும் என்று வாயே திறக்கவில்லை.

அவ்வளவுதான். அம்மை போட்ட வீட்டுக்கு எங்கள் பக்கம் எத்தனை சட்டம் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை செருக வேண்டும். தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, சவரம் கூடாது. வந்திருக்கிற தாயை வீட்டில் விட்டுவிட்டு இன்னொரு சாமியைப் பார்க்கப் போகவே கூடாது. வீட்டு ஆட்கள் யாரும் படி தாண்டிப் போய் வரக் கூடாது என்பது எங்கள் அம்மா சேர்த்துக்கொண்ட சட்டம். மற்ற வீடுகளில் ஆம்பிளைகள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். புளியோதரை அப்படியே எதிர்வீட்டு அத்தைக்குப் போனது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை வாசலில் உட்கார்ந்து தின்றதை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் மேல் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

எங்கள் வீடு ஒரே அறை, ஒரு அடுப்படி, பின்னால் படல் கட்டிய கொல்லை. மேலே சிமெண்டு ஷீட்டு. பத்து மணிக்கெல்லாம் அந்த ஷீட்டு காய்ந்து இறங்கும். கதவு சாத்தியே இருக்கும். அடுத்த வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை வரும், எங்களுக்கு உப்புப் போட்ட கூழும் மோரும். தெருவில் என் ஜோட்டுப் பெண்கள் பாண்டி ஆடும் சத்தம் கேட்கும். ஸ்டேஷனில் ரயில் ஊதும், வடக்கே போகும், அதில் நாங்கள் இல்லை. முதல் இரண்டு நாள் நான் அழுதே தீர்த்தேன். அக்கா முனகினாள், தம்பி கதவை உதைத்தான், நைனா கூண்டுப் புலி கணக்காகக் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தார். உட்காரத் தெரியாத மனுஷன். பகலில் வீடு எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர்ப் பானை எங்கே என்று கேட்டார்.

பிறகு எப்படியோ நைனா எங்களுக்குக் கிடைக்க ஆரம்பித்தார். புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்துத் தாயக்கட்டை செய்தார். ஆட்டத்தில் பச்சையாகத் திருடினார். பிடித்துவிட்டால், வெல்டர் கண்ணு நெருப்பப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போச்சி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்திலும் திருடினார். தம்பி முடியில் வேர்வை வழிந்து சிக்குப் பிடித்தது. சீப்புப் போடக் கூடாதே, நைனா அந்தத் தடித்த விரல்களால் ஒவ்வொரு இழையாகப் பிரித்துவிட்டார். அக்கா உடம்பு அரிக்கிறது என்று அழுதால் வேப்பங்கொத்தால் மெல்லத் தடவுவார். அவருடைய முன்னங்கை இரண்டிலும் நெருப்புப்பொறி பட்ட வடு புள்ளி புள்ளியாக இருக்கும். அதை அக்காவின் முத்தோடு வைத்துக் காட்டி, எனக்கு வருசம் பூரா அம்மாதான் என்பார். அக்கா அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள்.

அவருடைய வெல்டிங் முகமூடியில் போடுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்று சூரியனைப் பார்க்கலாம். நடு மத்தியானத்துச் சூரியன் அதற்குள் பச்சையாக, சாதுவாக, ஒரு பொட்டு அளவுக்குத் தெரியும். வெளியே போக முடியாவிட்டால் என்ன, சூரியனையே பார்க்கிறோமே என்று எங்களுக்குப் பெருமை. யார் முறை என்று சண்டை போடுவோம். அந்தக் கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வீடு மாறியும் நான் இன்னும் பெட்டி பிரிக்கும்போதெல்லாம் தேடுகிறேன்.

ஒரு வாரம் முடிந்தது. அக்காவுக்கு இன்னும் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. பட்டறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமே. நைனாவோடு வேலை செய்த பெயின்டர் ஒருவர் மேல்வீதியில் இருந்தார். நாயுடுபேட்டைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த தெலுங்குக்காரர், தமிழ் அரைகுறை. காலை வண்டிக்கு எங்கள் கொல்லைப் பக்கமாகத்தான் ஓடுவார். நைனா படலுக்கு இந்தப் பக்கம் நின்று அவரைக் கூப்பிட்டு, அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டார்.

"முதலாளியாண்ட சொல்லுப்பா. வூட்ல அம்மா வந்துக்குது. அம்மா போனதும் வந்துடறேன்."

அவர் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு ஓடினார். கொல்லைப் பக்கம் வேப்பிலை ஏது? அவர் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அக்காவுக்கு முத்து உதிர்ந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் ஊற்றினார்கள். நைனா சட்டையைத் தேடி எடுத்தார். அதே நாள் எனக்கும் தம்பிக்கும் சேர்ந்தே கொதித்தது. எனக்கு லேசாகத்தான் போட்டது. தம்பிக்கு வாய்க்குள்ளே, கண் இமை மேலே, அந்த முடிக்குள்ளே எல்லாம். விழுங்க முடியாமல் எச்சில் வடித்தான். பேச்சு குழறியது. அம்மா அவன் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

தம்பி மோசமாக இருந்த சாயங்காலம் பெயின்டர் முன்வாசலுக்கு வந்தார். முதலாளி ரொம்பக் கோபமாக இருக்கிறாராம். போன வருஷம் செத்துப்போன அம்மா இந்த வருஷம் எப்படிடா வந்தாள் என்று பட்டறையில் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். நான் மாலை போட்டேனே, அது யாருக்குடா என்று கேட்டாராம். வேலைக்கு வேறு ஆள் வந்து நிற்கிறான், நாளைக்குக் காலையில் நேரில் வராவிட்டால் இனிமேல் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நைனாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பெயின்டர் அப்போதுதான் தலை நிமிர்ந்து நிலைப்படியில் இருந்த வேப்பிலையைப் பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி பின்னால் போய்க் கும்பிட்டார். "அய்யோ, அம்மவாரா? நூவு அம்மா அனி சொன்னியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். தெலுங்கில் அம்மை அம்மவாரு. வெறும் அம்மா என்றால் பெற்ற அம்மா. நைனா தமிழில் சொன்னது தாயாக வந்த அம்மை, முதலாளி காதில் விழுந்தது செத்துப்போன தாய். ஒரு 'வாரு' விட்டுப்போனதில் எங்கள் நைனா பொய்யனாகிவிட்டார். இரண்டு பாஷையையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிற எங்கள் ஜனத்துக்கு மட்டும்தான் இப்படி நடக்கும்.

பெயின்டர் தானே விளக்கிச் சொல்வதாகச் சொன்னார். ஆனால் இன்னொரு அம்மா கதையைச் சொன்னால் முதலாளி நம்புவாரா என்று அவருக்கே சந்தேகம். நீயே வந்து முகத்தைக் காட்டிவிடு, அதுதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியும்போது நைனா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் விழித்துப் படுத்திருந்தேன். தம்பி கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் சூடாக வந்துகொண்டிருந்தது. அம்மா அவனை விட்டு எழுந்து போய் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"ஒன்னும் இல்லமே," என்றார் நைனா. "மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு மத்தியான வண்டிக்கு வந்துடறேன்."

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது.

"அன்னிக்கும் இதத்தான்யா சொன்ன. மத்தியான வண்டிக்கு வந்துடறேன்னு. வந்த. பெரியவன் பூட்டப்புறம் வந்த."

எங்கள் வீட்டில் பெரியவன் என்று யாரும் கிடையாது. பெரியவள் அக்காதான். நான் அக்காவைப் பார்த்தேன், அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டேஷனில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. நைனா சட்டைப் பொத்தானைக் கழற்றினார். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து தம்பி தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பங்கொத்தைக் கையில் எடுத்தார். வண்டி ஊதிக்கொண்டு கிளம்பியது. வேலை போயிற்று என்று நைனாவுக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரிந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

அக்காவுக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான் என்பதை அம்மா அன்று மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள். இரண்டு வயது. பெரியம்மை. மூன்றாம் நாள் வேலைக்கு வரச்சொல்லிப் பட்டறையிலிருந்து நைனாவுக்கு ஆள் அனுப்பினார்கள், போனார், திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு என்ன பேர் என்று கேட்டேன். அம்மா சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

தெருவில் என்னவெல்லாம் பேசினார்கள் தெரியுமா? பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வேலையை விட்டான் என்றார்கள். நானும் நாலெழுத்துப் படித்தபிறகு அப்படித்தான் நினைத்தேன். இது சின்னம்மை, அது பெரியம்மை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நைனா அரைநாள் போய் வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் மகளுக்குச் சின்ன வயதில் டெங்கு வந்து கிடந்தபோது என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் பை எடுத்தார். நான் கதவில் போய் நின்றுவிட்டேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் எங்கள் அம்மா புரிந்தாள்.

நைனா உட்கார்ந்த இரண்டாம் நாள் தம்பி கண் திறந்தான். மோர் கேட்டான். அம்மா டம்ளரைச் சாய்த்த அவசரத்தில் மோர் அவன் மார்பெல்லாம் வழிந்தது. அப்புறம் இரண்டு பேருக்கும் தண்ணீர் ஊற்றி, எங்கள் பக்கத்து மாரியம்மாவான கெங்கம்மாவுக்குப் பொங்கல் வைத்து, வாசல் வேப்பிலையை எடுத்து, நைனா பட்டறைக்குப் போனார்.

பதினோரு மணிக்கெல்லாம் நான் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் நைனா நடந்து வருகிறார். எங்கள் தெருவில் வேலை நாளில் பகல் வெளிச்சத்தில் நைனா நடந்து வந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தம்பி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு இன்னாய்யா என்றாள். நைனா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "செலவு குட்த்துட்டாரு," என்றார்.

எங்களுக்குச் செலவு என்றால் விடுமுறைதானே. தம்பி கத்தினான், நானும் கத்தினேன். நைனாவுக்கு மறுபடி செலவு, மறுபடி தாயம், மறுபடி கறுப்புக் கண்ணாடி. அக்கா மட்டும் அம்மா முகத்தைப் பார்த்தாள். முதலாளி அம்மை என்று கேட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாராம். கோபமெல்லாம் போய்விட்டதாம், ஆனால் அந்த இடத்தில் வேறு ஆள் வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்தான்.

"செரி, கை கால் கழுவிக்கினு வா. துன்னு," என்றாள் அம்மா. அவர் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள். "அதான் செலவு குட்த்துட்டாரே. மலைக்குப் போலாம் வா."

நைனா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேலை போன வீட்டில் பேசுகிற பேச்சா இது? ஆனால் மறுநாள் புளியோதரை கிளறினாள். இந்தத் தடவை ஒரு பருக்கைகூட எதிர்வீட்டுக்குப் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

மலைமேல் முடி இறக்குகிற கல்யாணகட்டாவில் தம்பிக்கு மொட்டை. முடி போன தலையில் முத்து உதிர்ந்த தடம் அங்கங்கே வெளுப்பாகத் தெரிந்தது. அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் யாராவது பாப்பா என்று சொல்லட்டும் என்றான். அப்புறம் கியூவில் போய்ச் சேர்ந்தோம். பெரிய கூடத்துக்குள் எங்களை விட்டு இரும்புக் கதவைச் சாத்தினார்கள். கூட்டம் ஐயோ என்றது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதற்குள்ளேதான். வேர்வை, சந்தனம், பிள்ளைகள் அழுகை, மூலைக்கு மூலை கோவிந்தா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டணத்து அம்மாள் மூச்சு முட்டுகிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தார். எங்களுக்கு என்ன, அடைபட்டுக் கிடக்கிற வித்தையைத்தான் கரைத்துக் குடித்திருந்தோமே. நைனா புளியங்கொட்டையை மடியிலிருந்து எடுத்தார். கோயில் கியூ என்றும் பாராமல் அங்கேயும் திருடினார். எங்கள் சிரிப்பைப் பார்த்து அந்த அம்மாளே நகர்ந்து வந்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

கதவு திறந்தபோது கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே ஜருகண்டி, ஜருகண்டி என்று தள்ளினார்கள். நகரு நகரு என்றால் எங்கே நகருவது? நைனா தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். தூரத்தில் விளக்கு, நாமம், பூ. நான் பார்த்தேன், நிஜமாகவே பார்த்தேன். பக்கத்தில் அம்மா என்ன செய்கிறாள் என்று திரும்பினால், அவள் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றிருந்தாள். உதடு அசைந்தது. அதற்குள் ஒரு கை வந்து அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது.

வெளியே வந்து லட்டைப் பிட்டுக் கொடுக்கும்போது நைனாவுக்குப் பொறுக்கவில்லை. நாளெல்லாம் அடைபட்டுக் கிடந்து, கிட்டே போய், சாமியைப் பார்க்காமல் வந்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதான் என்றார். வேலைக்காவது வேண்டிக்கொண்டாயா என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள்.

"பின்ன இன்னாத்த கேட்ட?"

அம்மா தம்பியின் மொட்டைத் தலையில் ஒட்டியிருந்த லட்டுத் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"ஒன்னும் கேக்கல. இத்தினி பேர உட்டு வெச்சிக்கிறியேன்னு எண்ணிக் காட்டிட்டு வந்தேன்."